மாதையன் வேண்டிக்கொண்ட முடி

எழிலரசியை முகத்தை வைத்து அடையாளம் தெரிந்தவர்கள் எங்கள் மாரண்டஹள்ளியில் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். முதுகுப் பக்கம் பார்த்துத் தெரிந்தவர்கள் ஓசூர் வரைக்கும் இருந்தார்கள். பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்தால் போதும், பின்னாலிருந்து யாராவது ஒருத்தி தோளைத் தொட்டு, "அக்கா, நீங்க கவி கிளிப்ஸ் அக்காதானே?" என்று கேட்பாள். இவள் திரும்பியதும் கேட்டவள் ஒரு கணம் தடுமாறுவாள். அந்த ஜடைக்குப் பொருத்தமாக வேறு ஏதோ ஒரு முகத்தை மனசில் வைத்திருந்திருப்பாள், பாவம்.

விஷயம் இதுதான். எழில் வீட்டிலேயே கிளிப், ஹேர்பேண்ட், ரிப்பன் பூ, துணி சுற்றிய ரப்பர் பேண்ட் எல்லாம் செய்து விற்கிறாள். மகள் கவிப்பிரியாவின் பெயரில் 'கவி கிளிப்ஸ்'. அவள் புருஷன் மாதையன் டெம்போ ஓட்டுகிறவன். விடியும் முன்னே பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போய், எட்டு மணிக்குத் திரும்பி வருவான். வந்த கையோடு அவனுக்கு ஒரு வேலை இருக்கும். முந்தின நாள் செய்த கிளிப்பை எழில் தன் ஜடையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்து நிற்பாள். இவன் பின்னால் நின்று போனில் படம் எடுப்பான். அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகும். முகம் மட்டும் வரவே வராது.

"மூஞ்சி எதுக்குக்கா? கிளிப்பை மூஞ்சியிலயா மாட்டிக்கிறாங்க?" என்பாள்.

அந்த ஜடை இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இடுப்பைத் தாண்டித் தொங்கும். பருமன் என் மணிக்கட்டு அளவு. எண்ணெய் வைத்துப் பின்னி விட்டால் வெயிலில் பளபளவென்று இருக்கும். எனக்கு அதைப் பார்த்துப் பொறாமைதான், மறைத்து என்ன ஆகப் போகிறது? என்னுடையது எலிவால். பத்தொன்பது வயதில் என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு அம்மா, இரண்டு விரலால் என் ஜடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார். பிறகு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு சவுரி வைத்துத்தான் பின்னினார்கள். அது நழுவிவிடுமோ என்ற பயத்தில் தாலி கட்டும்போது நான் தலையைக் குனியவே இல்லை. ரொம்பத் திமிர் பிடித்த பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

நான் சசிகலா. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பேன். எழிலின் தொழில் என் கடையில்தான் பிறந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். அவளும் மறுத்ததில்லை.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு டெங்கு வந்தது. தருமபுரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். திரும்பி வந்தபோது கொடிக்கயிறு போல இருந்தாள். வயல் வேலைக்குப் போக முடியாது, வீட்டில் சும்மா கிடக்கவும் பிடிக்கவில்லை. என் கடையில் வந்து உட்கார்ந்து, காலடியில் கிடக்கும் வெட்டுத்துணிகளைப் பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வாள். ஒருநாள் அதில் ஒரு பட்டுத் துண்டை மடித்து, நடுவில் நூலால் இறுக்கி, பூவாக்கி, கவியின் பழைய கிளிப்பில் ஒட்டினாள். மறுநாள் பிளவுஸ் வாங்க வந்த ஒரு டீச்சர், "இது எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் ஆரம்பம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் வந்து ஒரு பை நிறைய வெட்டுத்துணி எடுத்துப் போவாள். ரிப்பன் ஓரம் பிரியாமல் இருக்க ஊதுபத்தி நெருப்பில் லேசாகக் காட்டி எடுப்பாள். அவள் வீட்டுக்குள் நுழைந்தாலே நாள் கிழமை மாதிரி ஒரு வாசனை வரும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ரிப்பன், ஆவணியில் கல்யாண சாமான், பொங்கலுக்குக் குழந்தைகள் ஹேர்பேண்ட் என்று வருஷம் ஓடும். நம் பக்கத்தில் கன்னடம் பேசுகிற பெண்கள் நிறைய. "எஷ்டு?" என்று விலை கேட்பார்கள். இவளும் விரலைக் காட்டாமல் கன்னடத்திலேயே விலை சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன பொங்கலுக்கு எனக்கும் ஒரு கிளிப் கொடுத்தாள். மயில் கழுத்து நிறத்தில் சின்ன பூ, நடுவில் ஒரு முத்து. நான் ஆசையாக வைத்துக்கொண்டு பாலக்கோடு போனேன். பஸ் ஜெர்தலாவ் தாண்டுவதற்குள் அது எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது. என் தலையில் என்ன நிற்கும்? எழில் கேட்டபோது, "பத்திரமா பீரோவுல வெச்சிருக்கேன், விசேசத்துக்குப் போட்டுக்கலாம்னு" என்று பொய் சொன்னேன். முடி இல்லாதவள் என்று என் வாயால் சொல்ல வேண்டுமா என்ன?

இப்படி இருக்கையில் இந்த வருஷம் ஆனி மாதம் ஒரு பெரிய காரியம் நடந்தது. பாலக்கோட்டில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் சகாயமேரி அக்கா எழிலைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பெண்கள் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். "உன் சாமானை என் கடையில வைக்கிறேன். ஆனா ஒண்ணு. ஆவணி பூரா ஞாயித்துக்கிழமை நீ வந்து வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரணும். அந்த ஜடையில மாட்டிக் காட்டணும். ஜனங்க நின்னு பாப்பாங்க" என்றார்.

எழில் என் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. வாட்ஸ்அப்பில் ஒன்றிரண்டாக விற்பது வேறு, ஒரு கடையில் இடம் கிடைப்பது வேறு. கவியை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு இரண்டு பெண்களை வேலைக்கு வைப்பது என்று அவள் பேசிக்கொண்டே போனாள். நானும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு நாலாம் நாள் மாதையன் என் கடை வாசலில் வந்து நின்றான். மாதையனைப் பற்றிச் சொல்லவில்லையே. முப்பத்தெட்டு வயது, நல்ல பையன், வாய் திறந்தால் காசு கேட்பார்கள் என்பது போல இருப்பான். இருபத்தைந்து வயதிலேயே தலை வழுக்கை. இரண்டு காதுக்கு மேலும் பூனை நக்கியது போல நாலு முடி. ஆனால் மீசை மட்டும் இரண்டு பக்கமும் முறுக்கி, எல்லைச்சாமி மீசை. தலையில் போனதையெல்லாம் அங்கே வளர்த்துவிட்டான் என்று ஊரே கிண்டல் செய்யும். அவனும் சிரித்துக்கொண்டே மீசையை நீவுவான்.

"அக்கா, முடி ஒரு வருசத்துல எவ்ளோ வளருங்க?" என்றான்.

"உனக்கா கேக்கற? உனக்கு இனிமே வளராது."

அவன் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அவ ஆசுபத்திரியில கெடந்தப்ப, ரத்தத்துல தட்டணு எறங்கிகிட்டே போவுதுன்னாங்க. ஒரு நாள் மத்தியானம் வந்து காயிதத்துல கையெழுத்து கேட்டாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மாடிப்படிகிட்டப் போயி நின்னுகிட்டு, எங்க அம்மனுக்கு முடி குடுக்கறதா வேண்டிக்கலாம்னு தலையில கை வெச்சேனுங்க. அங்க ஒண்ணுமே இல்லீங்க."

"அதனால?"

"அதனால அவளோட முடிய வேண்டிகிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தரியை மேஜையில் வைத்த சத்தம் எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"யாரு தலைய யாருடா வேண்டிக்கிறது? உன் தலையில இல்லன்னா ஆட்டை வேண்டிக்க வேண்டியதுதானே?"

"ஆடு அப்ப இல்லீங்க."

"டெம்போவை வேண்டிக்க வேண்டியதுதானே!"

"டெம்போ பைனான்ஸ்ல இருந்துச்சுங்க."

இதற்கு மேல் இவனோடு என்ன பேசுவது? அவர்கள் குலதெய்வம் வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் பங்காளிகள் எல்லாம் கூடிப் பண்டிகை வைப்பார்கள். அன்றைக்குத்தான் முடி இறக்குவது, காது குத்துவது எல்லாம். இந்த ஆடியில் பண்டிகை. தவறினால் இன்னும் மூன்று வருஷம் அம்மனுக்குக் கடன். வேண்டிக்கொண்டபோது எழில் வெறும் எழில். அதற்குள் அவள் ஜடையே கடையாகிவிட்டது. அவன் வாய் திறக்கவே இல்லை. தினமும் காலையில் அதே ஜடையைப் படம் எடுத்துக்கொண்டு, உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறான்.

"டெங்கு வந்தவங்களுக்கெல்லாம் அப்புறம் முடி கொட்டுமாங்க. இவளுக்கு ஒத்த முடி கொட்டல. அம்மன் தன்னோட பொருளைப் பத்திரமா வெச்சிருக்கறான்னு எனக்கு அப்பவே பயம்" என்றான். "நீங்க அவகிட்ட சொல்லுங்கக்கா."

சொன்னேன். எனக்கும் விதி. எழில் முதலில் சிரித்தாள். அவன் தலையில் கை வைத்துத் தேடிப் பார்த்ததைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தன் ஜடையை முன்னால் இழுத்து மடியில் போட்டு, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"என் தலைக்கா. எனக்குத் தெரியாம ரெண்டரை வருசமா அது என்னுது இல்லியா?"

அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், போய்விடுவாள். காலையில் படம் எடுக்கும் வேலையையும் ஒன்பது வயது கவியிடம் கொடுத்துவிட்டாள். அந்த வாரம் கவி கிளிப்ஸ் ஸ்டேட்டஸில் எல்லாமே சாய்ந்து இருந்தது. ஒரு படத்தில் ஜடையே இல்லை, வேப்பமரம் மட்டும்தான்.

விஷயம் வெளியே கசிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பொம்பளைகளுக்கு மூன்று கத்தரி வெட்டினால் போதும், பூமுடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் பாதிப் பேர். நானும் அந்தக் கட்சிதான். ஆவணி முடியட்டும், அடுத்த பண்டிகைக்குக் கொடுத்துக்கொள் என்றும் சொன்னேன். அம்மன் எங்கேயும் ஓடிப் போகப் போவதில்லை. எழில் பூசாரிக்கே போன் போட்டுக் கேட்டாள். அவர், "வேண்டினவங்க வாயில என்ன வந்துச்சோ அதாம்மா. பூமுடின்னு சொல்லியிருந்தா பூமுடி" என்றுவிட்டார்.

ஆகவே அவன் வாயில் என்ன வந்தது என்று கேட்டாக வேண்டியதாயிற்று. என் கடையில்தான் அந்த விசாரணை. நான் தைப்பது போல பாவனை செய்துகொண்டிருந்தேன். ஊசியில் நூல்கூட இல்லை. எழில் எப்போதும் அவனை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவாள். அன்றைக்கு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"நீ என்ன சொல்லி வேண்டின? வார்த்தை மாறாம சொல்லு."

"மொட்டை போடறேன்னு."

"முழுசா சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "'தாயே, அவ முடிய மொத்தமா எடுத்துக்க, அவள வூட்டுக்கு அனுப்பிச்சுடு'ன்னு சொன்னேன்."

"பூமுடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"கொஞ்சமா குடுத்தா அம்மன் ஒத்துக்காதுன்னு தோணுச்சு. எங்கிட்ட இருந்ததுலயே ஒசந்தது அதுதான் எழிலு. டெம்போ கடன்ல இருந்துச்சு. நெலம் அண்ணன் பேர்ல இருந்துச்சு. வேற எதக் காட்டி உன்னக் கேக்கறது?"

"அது உன்கிட்ட இல்ல. என்கிட்ட இருந்துச்சு."

"ஆமா" என்றான். "தப்புதான்."

வெளியே ஓசூர் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். எழில் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வந்து என்னிடம் சொன்னாள். "அவரு கேக்காம வேண்டினது தப்பு. ஆனா நான் பொழச்சது நெசம்க்கா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது. முடி எறக்கறேன். அவரு சொன்னதுக்காக இல்ல. நானா என் வாயால அம்மன்கிட்ட சொல்லிக் குடுக்கறேன்."

"ஆவணி?" என்றேன்.

"போனாப் போவட்டும்" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. கன்னாபின்னா என்று திட்டினேன். பக்தி இருக்க வேண்டியதுதான், அதற்காகச் சோற்றில் மண் போட்டுக்கொள்வார்களா என்றேன். அவள் வெட்டுத்துணிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு பண்டிகைக்கு நானும் போனேன். கோபம் இருந்தாலும் அவளைத் தனியாக விட முடியுமா? அடிவாரத்தில் ஆலமரத்துக்குக் கீழே முடி எடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எழில் நேராக அம்மன் முன்னால் போய் நின்று, ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து மாதையனிடம், "முதல்ல நீ உக்காரு" என்றாள்.

"எங்கிட்ட என்ன இருக்குது?"

எழில் அவன் மீசையைக் காட்டினாள்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பதினெட்டு வயதிலிருந்து வளர்த்த மீசை. கை தானாக மேலே போய் அதைத் தொட்டது. பங்காளிகள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஒசந்தது எதுவோ அதத்தானே குடுக்கணும்? நீ சொன்ன கணக்குதான்" என்றாள் எழில். அவன் போய் மணையில் உட்கார்ந்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இரண்டு இழுப்பில் முடிந்துவிட்டது. பிறகு எழில் உட்கார்ந்தாள். ஜடை அவிழ்ந்து மடி நிறைய விழுந்தபோது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்றால் அழுதேன்தான். முடி வளர்த்தவள் அவள், அழுதவள் நான்.

கவி அம்மாவின் மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிவிட்டுச் சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும்தான் வீறிட்டு அழுதாள். வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"இனிமே எதுனா வேண்டிக்கறதா இருந்தா என்னக் கேட்டுட்டு வேண்டிக்குங்க" என்றாள் எழில். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. அவன் மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டினான்.

சகாயமேரி அக்காவுக்கு அவள் போன் செய்து சொன்னாள். அவர் நல்ல மனுஷிதான். "அடக் கடவுளே! சரிம்மா, நேர்த்திக்கடன்னா செய்யத்தான் வேணும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று எழிலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று மத்தியானம் என் கடையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அழுதாள். முடிக்காக இல்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். போட நினைத்த கொட்டகைக்காக.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தலையையே பார்த்தாள்.

"அக்கா, திரும்புங்க."

"எதுக்கு?"

"எனக்கு ஒரு தலை வேணும். படம் எடுக்கணும்."

"என் தலையா? கவி தலையில எடு. ஊருல வேற தலையே இல்லியா?"

"கவி பாப்கட்டிங். திரும்புங்கக்கா."

நான் முடியாது என்றேன். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அவள் பையிலிருந்து புதிதாகச் செய்த கிளிப்பை எடுத்து, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போவதற்குள் கிளிப் நழுவி என் முதுகில் உருண்டு தரையில் விழுந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அதான் சொன்னனே! என் தலையில எதுவும் நிக்காது. பொங்கலுக்குக் குடுத்தியே, அதுவும் பஸ்லயே விழுந்துடுச்சு. போதுமா?"

"பீரோவுல இருக்குதுன்னீங்க?"

"பொய்."

அவள் கீழே விழுந்த கிளிப்பை எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். என்மேல் கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவள் அந்தக் கிளிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருக்கா வாங்கினவங்க நெறையப் பேரு மறுபடி வரவே இல்லக்கா. வெல ஜாஸ்தின்னு நெனச்சேன். டிசைன் புடிக்கலன்னு நெனச்சேன். எத்தன பேருக்கு இப்படி விழுந்திருக்கும்? யாருமே வாயத் தொறந்து சொல்லலியே."

"யாரு சொல்லுவா? எனக்கு முடி இல்லன்னு தானே போயி சொல்றதுக்கு யாருக்கு மனசு வரும்?"

"நான் என் தலையில மாட்டி மாட்டித்தானே செஞ்சேன்" என்றாள். "அந்தத் தலையில எத வெச்சாலும் நிக்கும். எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து ஒரு வாரம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். கிளிப்பின் வாய்க்குள் ரப்பர் ஒட்டிப் பார்த்தாள், முடியைப் பிடுங்கியது. லைனிங் துணி ஒட்டிப் பார்த்தாள், வழுக்கியது. கடைசியில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் வெல்வெட் பிளவுஸ் தைத்தபோது மிஞ்சிய துண்டு அகப்பட்டது. அதை ஒல்லியாக வெட்டி, ரோமம் மேலே பார்க்கும்படி உள்ளே ஒட்டினாள். கிளிப்பையும் சின்னதாக்கினாள், பூவின் கனத்தைக் குறைத்தாள். ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டு, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க", "குனிஞ்சு தண்ணி தூக்குங்க", "தும்முங்க" என்பாள். நான் எத்தனை பிளவுஸ் பாக்கி வைத்திருக்கிறேன் என்று அவளுக்குக் கவலையே இல்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ கிளிப், காலையில் மாட்டியது, சாயங்காலம் கடை பூட்டும்வரை இருந்தது. அதை மறந்தே போய் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

பிறகு என்னை இழுத்துக்கொண்டு பாலக்கோட்டுக்குப் போனாள். சகாயமேரி அக்கா எழிலின் முக்காட்டைப் பார்த்து 'உச்' கொட்டினார். எழில் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "அக்கா, உங்க கொண்டைய அவுருங்க" என்றாள். அந்த அம்மா எப்போதும் வலை போட்ட கொண்டைதான். அவிழ்த்தால் என்னைவிடக் கம்மி! எனக்கு அல்ப சந்தோஷம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழில் அதில் ஒரு கிளிப்பை மாட்டினாள். அவர் தலையை ஒரு உலுக்கு உலுக்கினார். கண்ணாடியில் பார்த்தார். இன்னும் பலமாக உலுக்கினார்.

"நிக்குதே!" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை ஸ்டூல்ல யாரு உக்காருவா?" என்றார்.

எழில் என்னைப் பார்த்தாள்.

ஆவணி முதல் ஞாயிறு. பாலக்கோடு கடைத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, நான் ஸ்டூலில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் முந்தானையால் மூடி மூடி வைத்த எலிவாலை எழில் எல்லார் முன்னாலும் எடுத்துப் பின்னினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு விரலால் ஜடையைத் தூக்கிப் பார்த்த அந்த அம்மாவின் முகம், முப்பது வருஷம் கழித்து, அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எழில் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள்.

பின்னால் பெண்கள் கூடுகிற சத்தம் கேட்டது. பேச்சு கேட்டது. ஒரு இளசான குரல், கல்யாணப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், தன் அம்மாவிடம் சொன்னது: "அம்மா, இவங்களுக்கே நிக்குதுன்னா எனக்கும் நிக்கும்மா. சவுரி வேணாம்மா."

'இவங்களுக்கே' என்றாளே என்று முதலில் எனக்குச் சுருக்கென்றது. திரும்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவள் கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது. சவுரி வேண்டாமாம். தாலி கட்டும்போது அந்தப் பெண் தலையைக் குனியலாம். நான் திரும்பவில்லை. முதுகை நிமிர்த்தி, இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மாரண்டஹள்ளி பஸ்ஸில் இரண்டு பேரும் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தோம். எழிலின் தலையில் விரல் நுனி அளவுக்கு முடி முளைத்திருந்தது. முக்காட்டை எடுத்துவிட்டுக் காற்றில் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்கு எத்தனை தகரம் வேண்டியிருக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஜெர்தலாவ் பக்கம் ரோடு மோசம், பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது.

பின் சீட்டிலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

"அக்கா, நீங்க கவி கிளிப்ஸ் அக்காதானே?"

திரும்பினேன். ஒரு காலேஜ் பெண், என் தலையின் பின்பக்கத்தைப் பார்த்த கண்ணோடு என் முகத்தைப் பார்த்தாள். நான் இல்லை, இவள்தான் என்று சொல்ல எழிலைப் பார்த்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஆமாம்மா, அவங்கதான்" என்றாள்.

நான் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தேன். கிளிப் இருந்தது.